கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலுக்கு முதன்முறை செல்பவருக்கு: வாசல் முதல் வெள்ளி ரதம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போன பிள்ளைகள் பலர், வளர்ந்து தனியாகப் போகும்போது வாசலில் தயங்கி நிற்கிறார்கள். முதலில் எந்தச் சன்னிதி? தட்டை யாரிடம் கொடுப்பது? குருக்கள் நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்வது? எத்தனை சுற்று? கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊர் வழக்கம் புரியாமல் நிற்பவரும் உண்டு. சீன, மலாய் நண்பரைக் கூட்டி வந்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்விக்கே விழிப்பவரும் உண்டு.

இந்த மூவருக்காகவும் எழுதியது இது. ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கிளம்புவது முதல் வெளியே வருவது வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். இந்த முறை கைவந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று எந்தக் கோயிலுக்குள்ளும் தயங்காமல் நுழையலாம்.

## கிளம்பும் முன்: இது யார் கட்டிய கோயில்?

இந்தக் கோயில் 1873-ல் தோன்றியது. நிறுவியவர் கா. தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூர் அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றி, ஈயச் சுரங்கத் தொழிலிலும் பெயர் பெற்றவர். 1893-ல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் அறங்காவலர்களில் ஒருவர். கோயில் முதலில் அவர் குடும்பத்தாரின் வழிபாட்டுக்கு உரியதாக இருந்தது. 1920களின் கடைசியில்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இடமும் மாறியிருக்கிறது. முதலில் ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த கோயில், 1885-ல் இப்போதுள்ள தெருவுக்கு வந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை போய்ச் செங்கல் வந்தது. அதையும் எடுத்துவிட்டு எழுப்பியதே இன்று நாம் பார்க்கும் கட்டடம், 1968-ல் முடிந்தது. ராஜகோபுரம் 1972-ல் நிறைவுற்றது. ஐந்து நிலை, ஏறத்தாழ 75 அடி உயரம், 228 சுதைச் சிற்பங்கள்.

இந்தத் தேதிகளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கோயிலுக்கு வயது 150-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் நீங்கள் தொடும் தூணும் மிதிக்கும் தரையும் கோயில் தோன்றிய காலத்தவை அல்ல. அப்படியானால் இங்கே பழையது எது? நீங்கள் இன்று செய்யப்போகும் காரியங்களின் வரிசைதான். கால் கழுவி, கோபுரம் தொழுது, பிள்ளையாரைக் கண்டு, அம்மனைச் சுற்றி வரும் அந்த முறை அத்தாப்புக் கொட்டகையிலும் நடந்தது, செங்கல் கட்டடத்திலும் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

ஏன் மாரியம்மன் என்பதற்கும் காரணம் உண்டு. ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில் பாதைக்கும் ஆள் திரட்டிய காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களோடு கப்பலேறியவள் அவள். மழையும் அவள், அம்மையும் அவள். பெரியம்மை நோய் ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-ல்தான். அதற்கு முன்பு, மருத்துவமனை எட்டாத தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு மாரியாத்தா எத்தனை நெருங்கிய துணையாக இருந்திருப்பாள்! தோட்டம் இருந்த இடமெல்லாம் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது அதனால்தான்.

## படி 1: நாளும் நேரமும்

முதன்முறை போவோருக்குச் சாதாரணக் கிழமையில் காலை நேரம் நல்லது. கூட்டம் குறைவு; குருக்கள் நின்று பேசுவார்; சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை மாலை. செவ்வாயும் அம்மனுக்கு உரிய நாள். ஆடி மாதம், நவராத்திரி, பௌர்ணமி நாள்களில் வரிசை நீளும். தைப்பூசத்தையொட்டி ரதம் புறப்படும் இரவு வேறு உலகம். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

எலுமிச்சை விளக்கு ஏற்ற இராகு காலம் பார்ப்பவர்கள் மலேசியாவில் அச்சான நாள்காட்டியையே பாருங்கள். இராகு காலம் சூரிய உதயத்தைக் கொண்டு கணிப்பது. சென்னையின் உதய நேரம் வேறு, கோலாலம்பூரின் உதய நேரம் வேறு.

நண்பகலுக்குப் பின் நடை சாத்தும் வழக்கம் நம் கோயில்கள் பலவற்றில் உண்டு. சன்னிதி திரையிட்டிருந்தால் அம்மன் ஓய்வில் இருக்கிறாள் என்று பொருள். காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ வந்து சேருமாறு கிளம்புங்கள்.

## படி 2: போய்ச் சேருவது

பசார் செனி நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். எல்ஆர்டி கிளானா ஜெயா தடமும் எம்ஆர்டி காஜாங் தடமும் அங்கே நிற்கும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருபவர்களுக்கு கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் அடுத்த நிலையமே பசார் செனி. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வருபவர்கள் கேஎல் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டிக்கு மாறலாம். பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம்வரை வந்து அங்கிருந்து நடந்தும் வரலாம்.

காரில் வருவதைத் தவிருங்கள். பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி அலுத்துப்போய்க் கோயிலுக்குள் நுழைவதில் பயனில்லை.

## படி 3: உடையும் உடம்பும்

குளித்துவிட்டு வாருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். வேட்டியோ புடவையோ கட்டாயம் இல்லை. அலுவலகச் சட்டை, பேன்ட்டோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் வேண்டாம். அன்றைக்கு மட்டுமாவது கவிச்சி தவிர்ப்பது நம் வழக்கம்.

வீட்டில் துக்கம் நடந்திருந்தால் குறிப்பிட்ட நாள்கள் கோயிலுக்குப் போவதில்லை. எத்தனை நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்; வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் போவதில்லை என்பதும் பழைய வழக்கம். வாசலில் யாரும் விசாரிப்பதில்லை. அது அவரவர் வீட்டு நடைமுறை, அவரவர் முடிவு.

## படி 4: தட்டு வாங்குதல்

கோயிலை நெருங்கும்போதே மல்லிகை வாசம் வந்துவிடும். பூக்கடைகள் வாசலை ஒட்டியே இருக்கின்றன. அர்ச்சனைத் தட்டில் பொதுவாக இருப்பவை:

- தேங்காய் ஒன்று
- வாழைப்பழம் இரண்டு
- வெற்றிலை பாக்கு
- பூச்சரம்
- கற்பூரம், ஊதுபத்தி

அம்மனுக்கென்று கொஞ்சம் கூட்டிக்கொள்ள விரும்பினால் எலுமிச்சை மாலையும் வேப்பிலையும் வாங்கலாம். சிவப்புப் புடவை சாத்துவது வேண்டுதல் உள்ளவர்கள் செய்வது. அதற்கு முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

வாங்கிய பூவை முகர்ந்து பார்க்காதீர்கள். முதல் வாசம் சாமிக்கு.

தட்டு வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கையில் காசு இல்லாதவர் வெறுங்கையோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

## படி 5: வாசலில் செய்ய வேண்டிய மூன்று

சப்பாத்தைக் கழற்றுங்கள். காலணி வைக்க வாசலில் இடம் உண்டு, சிறிய கட்டணம். சில்லறை வைத்திருங்கள். காலுறையையும் கழற்றுவதே நம் முறை.

கால் கழுவுங்கள். தெருவின் தூசியைத் தெருவிலேயே விடுவது இது. உலகின் பல வழிபாட்டு இடங்களில் நுழைவாயிலில் தண்ணீர் இருக்கும். ஜப்பானின் ஷின்டோ சமயக் கோயில்களிலும் கல் தொட்டி ஒன்று காத்திருக்கும். அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு வாய் என்று கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

கோபுரத்தைப் பாருங்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் அண்ணாந்து நில்லுங்கள். கோயிலைப் படுத்திருக்கும் மனித உடலாகக் காண்பது நம் சிற்ப மரபு. கோபுரம் பாதம், கருவறை தலை. ஆகவே வாசலில் நிற்கும் நீங்கள் ஏற்கெனவே பாதத்தைத் தொட்டுவிட்டீர்கள். கூட்டத்தில் உள்ளே போக முடியாத நாளில் கோபுர தரிசனமே போதும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

வாசல் படியை மிதிக்காமல் தாண்டி, வலது காலை முன்வைத்து உள்ளே வாருங்கள்.

## படி 6: உள்ளே, எந்த வரிசையில்?

முதலில் பிள்ளையார். எந்தக் கோயிலானாலும் தொடக்கம் அவரிடம்தான். நெற்றிப் பொட்டில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போடுங்கள். மூன்று போட்டால் போதும்.

அடுத்து அம்மன் சன்னிதி. கருவறைக்கு எதிரே நேர் நடுவில் நின்று மறைக்காமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் நிற்பவருக்கும் அவள் தெரிய வேண்டும்.

பிறகு முருகன். இந்தக் கோயிலில் முருகன் சன்னிதி வெறும் துணைச் சன்னிதி அன்று. தைப்பூசத்துக்காகப் பத்துமலைக்குப் புறப்படுகிறவர் இவர். அம்மன் வீட்டுப் பிள்ளை. அவரை அவசரமாகக் கும்பிட்டுவிட்டு நகராதீர்கள்.

கருவறையில் நிலையாக இருக்கும் திருமேனி மூலவர். விழாவில் வெளியே எழுந்தருளும் உலோகத் திருமேனி உற்சவர். இந்த இரண்டின் வேறுபாடு தெரிந்தால் பாதிக் கோயில் புரிந்துவிடும். நடக்க முடியாதவர், நோயாளி, வாசலுக்கு வர உரிமையில்லாமல் ஒரு காலத்தில் தள்ளி நிறுத்தப்பட்டவர் எல்லாருக்கும் சாமியே தெருவுக்கு வந்து காட்சி கொடுத்தது உற்சவர் வழியாகத்தான்.

## படி 7: அர்ச்சனை

1. அர்ச்சனைச் சீட்டு வாங்குங்கள். கட்டணம் பலகையில் எழுதியிருக்கும்.
2. தட்டையும் சீட்டையும் சேர்த்துக் குருக்களிடம் கொடுங்கள். “சாமி, அர்ச்சனை” என்றால் போதும்.
3. அவர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். கோத்திரம் தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால் அது ஒரு குறையன்று.
4. நட்சத்திரமே தெரியாதா? “சாமி பேருக்குப் பண்ணிடுங்க” என்று சொல்லுங்கள். அம்மன் பெயரிலேயே அர்ச்சனை நடக்கும்.
5. வீட்டில் எல்லார் பெயரையும் சொல்ல ஆசையிருந்தால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பின்னால் வரிசை நிற்கிறது.
6. அர்ச்சனை முடிந்து தீபாராதனை. மணி அடிக்கும், கற்பூரம் எரியும். அப்போது கண்ணை மூடாதீர்கள்.

கடைசி வரியை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். கற்பூரம் காட்டுவதே இருண்ட கருவறையில் அவள் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவள் உங்களைப் பார்க்கிறாள், நீங்கள் அவளைப் பார்க்கிறீர்கள். தரிசனம் முழுவதும் அந்தச் சில நொடிகள்தான். ஷின்டோ வழக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே தெய்வம் உறையும் பொருள் மூடிய உள்ளறையில் இருக்கும். வழிபடுபவர் அதைக் காண்பதே இல்லை. இருமுறை தலை வணங்கி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை வணங்கித் திரும்புவார். நாமோ பார்ப்பதற்காகவே வந்தவர்கள்.

ஆரத்தித் தட்டு உங்களிடம் வரும்போது இரு உள்ளங்கையாலும் சுடரின் சூட்டை ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். தட்சிணை விருப்பம்போல். விபூதி, குங்குமத்தை வலக்கையில், இடக்கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து வாங்குங்கள். மிச்சத்தைத் தூணில் தடவாதீர்கள். ஒரு தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

## படி 8: வலம், வணக்கம், இருக்கை

வலப்பக்கமாகச் சுற்றுங்கள், அதாவது சன்னிதி எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி. மூன்று சுற்று வழக்கம். வேகநடை வேண்டாம்.

சுற்றி முடித்துக் கொடிமரத்தின் அருகே விழுந்து வணங்குங்கள். ஆண்கள் உடல் முழுதும் நிலத்தில் படும்படி. பெண்கள் முழந்தாளிட்டுத் தலை தாழ்த்தி. சன்னிதிக்கு முன் யார் காலிலும் விழுவதில்லை, பெற்றோர் காலில்கூட. அங்கே வணக்கம் ஒருவருக்கே.

பிறகு கொஞ்ச நேரம் உட்காருங்கள். கும்பிட்ட கையோடு ஓடுவது நம் முறையன்று. நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே உட்கார ஓரிடம் கிடைப்பதே பெரிது. கூரையையும் தூண்களையும் அப்போது பாருங்கள்.

பிரசாதம் கொடுத்தால் மறுக்காதீர்கள். அன்னதானம் நடக்கும் நாளானால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எவ்வளவு பெரிய அதிகாரியும் எவ்வளவு ஏழைத் தொழிலாளியும் அடுத்தடுத்து உட்காரும் இடம் அது.

## பிற இன நண்பரைக் கூட்டி வந்தால்

யாரும் உள்ளே வரலாம். கருவறைக்குள் குருக்கள் தவிர வேறு எவருக்கும் அனுமதி இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மூலவரைப் படம் எடுக்காதீர்கள். கும்பிடுபவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவது எந்த ஊரிலும் நாகரிகமாகாது.

சீன நண்பருக்கு விளக்குவது எளிது. இதே தெருவில், ஏறக்குறைய எதிரே, 1888-ல் எழுந்த குவான் தி கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, 1864-ல் யாப் ஆ லோய் நிறுவிய சின் சே சி யா கோயில். ஈயத்தைத் தேடி வந்தவர்களும் சாலை போட வந்தவர்களும் அவரவர் தெய்வத்துக்கு அருகருகே இடம் பிடித்த தெரு இது. ஊதுபத்தியோடு அம்மன் வாசலில் வந்து நிற்கும் சீனப் பக்தர்களையும் நீங்கள் காணலாம்.

## இந்த முறைகளுக்கெல்லாம் என்ன பொருள்?

கட்டடம் மாறினாலும் முறை நிற்கிறது என்று தொடக்கத்தில் பார்த்தோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற நம் மரபும் அதைத்தான் சொல்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் ஆற்றலைக் குடத்திலோ மரப்பலகையிலோ எழுந்தருளச் செய்து, பூசை அங்கே தொடரும். கட்டடத்தை இடிக்கலாம், பூசலாம், வண்ணம் தீட்டலாம். எல்லாம் முடிந்து யாகசாலையில் வைத்த குடத்து நீரைக் கலசத்தின் மேல் ஊற்றும்போது கோயில் மறுபடி புதிதாகிறது.

ஜப்பானின் ஈசே பெருங்கோயில் இதை இன்னும் துணிவாகச் செய்கிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்து மனையில் அதே அளவில் அதே முறையில் மரத்தால் புதுக்கோயில் கட்டி, தெய்வத்தை இரவில் அங்கே எழுந்தருளச் செய்வார்கள், பழையதைப் பிரித்துவிடுவார்கள். 690-ல் தொடங்கிய இந்த வழக்கத்தின் 62ஆவது புதுப்பிப்பு 2013-ல் நடந்தது, அடுத்தது 2033-ல். மரம் புதியது, தச்சுமுறை ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழையது.

இதற்கு மாறான கதையும் நம் அண்டையிலேயே உண்டு. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, போர்க்கைதிகளை வேலை வாங்கி மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் ஷோனான் ஜின்ஜா என்ற ஷின்டோ கோயிலைக் கட்டியது. 1945-ல் தோற்றபோது ஜப்பானியரே அதை அழித்துவிட்டார்கள். கை கழுவும் கருங்கல் தொட்டி மட்டும் காட்டுக்குள் மிஞ்சியிருக்கிறது. கும்பிட அங்கே ஊர்மக்கள் யாரும் இல்லை. ஆட்சி போனதும் கோயிலும் போயிற்று.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் படையும் இல்லை, அரசும் இல்லை. நிறுவிய குடும்பமும், பிறகு கூலி வாங்கியவர்கள் போட்ட காசும், உபயம் எடுத்த குடும்பங்களும், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தவர்களும்தான். இந்த நகரத்தில் கோயில் இடம் மாறுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்கு வந்தபோது தோட்டத்துக் கோயில்கள் பல பெயர்ந்தன. 2025-ல் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியின் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலை அருகிலேயே வேறு மனைக்கு மாற்றும் பேச்சு நாடு முழுவதும் விவாதமானது. நிலம் யார் பெயரில் என்பது சட்டத்தின் கேள்வி. வழிபாட்டு முறை யார் கையில் என்பதற்கு வருகிறவர்கள்தான் பதில்.

## தைப்பூசம்: கோயில் தெருவுக்கு வரும் இரவு

கோயிலுக்குள் நீங்கள் பழகிய வரிசை, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதும் நீள்கிறது. தைப்பூசத்தையொட்டி ஓர் இரவில் முருகன் வள்ளி தெய்வானையோடு வெள்ளி ரதத்தில் ஏறி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்துமலைக்குப் புறப்படுகிறார். 1983 முதல் இந்த வெள்ளி ரதம் ஓடுகிறது. வழிநெடுகத் தேங்காய் உடைப்பும் தண்ணீர்ப் பந்தலும் அர்ச்சனையும். மலையடியைச் சேர மறுநாள் ஆகிவிடும்.

பத்துமலையையும் இந்தக் கோயிலோடு இணைத்தவர் தம்புசாமிப் பிள்ளையே. குகையில் முருகனை நிறுவினார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. இன்றும் மகாமாரியம்மன் கோயில் தேவஸ்தானம்தான் பத்துமலையையும் கோட்டுமலைப் பிள்ளையார் கோயிலையும் நிர்வகிக்கிறது. அம்மை, அண்ணன், தம்பி மூவரும் ஒரே குடும்பமாக ஒரே நிர்வாகத்தில்! 2008 முதல் கோலாலம்பூரிலும் தைப்பூசம் பொது விடுமுறை.

முதன்முறை போவோருக்குச் சில குறிப்புகள்:

- ரதம் புறப்படும் வாசலில் நெரிசல் அதிகம். சிறு பிள்ளைகளோடு இருப்பவர்கள் வழியில் ஒரு தெருமுனையில் காத்திருப்பது நல்லது.
- பத்துமலைக்குக் கொம்யூட்டரில் போங்கள். நிலையம் மலையடியிலேயே இருக்கிறது.
- 272 படி ஏற வேண்டும். காவடி, பால்குடம் எடுப்பவர்களுக்கு வழிவிடுங்கள்.
- 2006-ல் திறந்த 140 அடி முருகன் சிலையைப் படமெடுக்க எல்லாரும் நிற்பார்கள். நீங்கள் அதைத் தாண்டிக் குகைக்குள் போய் மூலவரைக் காணுங்கள். வேண்டுதல் சேரும் இடம் அது.
- பால்குடம் எடுக்க விரும்பினால் விரதம் இருந்து, ஏற்கெனவே எடுத்தவர்களைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

## அடுத்து எங்கே போகலாம்?

ஒரே மாதிரிக் கோயிலையே பார்க்காமல், வெவ்வேறு மரபைக் காண இந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸ், ஸ்ரீ கந்தசுவாமி கோயில். ஜாலான் ஸ்காட்டில் உள்ளது. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. யாழ்ப்பாணத்து நல்லூர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.

கிள்ளான், ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில். தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று மக்கள் சொல்வார்கள். இங்கே விபூதி கிடையாது. தீர்த்தம், துளசி, தலையில் சடாரி. தீர்த்தத்தை உள்ளங்கையைக் குழித்து வாங்கிச் சத்தமில்லாமல் உறிஞ்சுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருங்கூட்டம். முடித்துவிட்டு ஜாலான் தெங்கு கிளானாவில் வாழையிலைச் சாப்பாடு.

மரத்தடி முனீஸ்வரர். இதற்கு முகவரி தேவையில்லை. பழைய தோட்டத்து எல்லை, ரயில் பாதை ஓரம், தொழிற்சாலை வாசல் என்று கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் இருக்கிறார். கோபுரம் இல்லை, சீட்டு இல்லை. அரிவாள், சூலம், சுருட்டு. அருகிலேயே சிவப்புக் கூண்டில் சீனர்கள் வணங்கும் டத்தோ கோங் இருந்தாலும் வியப்பில்லை. மண்ணுக்கு ஒரு காவல் உண்டு, அதைக் கேட்காமல் மண்ணைத் தோண்டக் கூடாது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. ஜப்பானியச் சிற்றூரின் வயலோரச் சிறு கோயில்களுக்குப் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய இதே நினைப்புதான்.

## அடிக்கடி எழும் கேள்விகள்

மந்திரம் எதுவும் தெரியாது. பரவாயில்லையா?
பரவாயில்லை. “அம்மா தாயே” என்று மனத்தில் சொன்னால் போதும். தமிழிலேயே அர்ச்சனை செய்ய முடியுமா என்று குருக்களைக் கேட்டும் பார்க்கலாம்.

வரிசை மாறிப் போனால் தோஷமா?
இல்லை. பிள்ளையாரை விட்டுவிட்டோம் என்று நினைவு வந்தால் திரும்பிப் போய்க் கும்பிடுங்கள்.

உடைத்த தேங்காயை என்ன செய்வது?
வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையலில் சேர்க்கலாம். அது பிரசாதம், கெடவிட்டு எறியாதீர்கள்.

தேங்காய் அழுகலாக இருந்தால்?
கெட்ட சகுனம் என்று கலங்க வேண்டாம். கடையில் வேறு வாங்கி உடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கோயிலைவிட்டு வந்ததும் வேறு இடத்துக்குப் போகலாமா?
நேரே வீட்டுக்குப் போவது வழக்கம். வேலை இருந்தால் போகலாம். துக்க வீட்டுக்கு மட்டும் அன்று போவதைத் தவிர்ப்பார்கள்.

## அடுத்த முறை

முதல் வருகையில் இவ்வளவும் நினைவில் நிற்காது. மூன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிள்ளையார் முதலில், சன்னிதி வலக்கைப் பக்கம், தீபாராதனையில் கண் திறந்திருக்கட்டும். மற்றவை பழகப் பழகக் கைவரும்.

இரண்டாம், மூன்றாம் வருகைக்குப் பின் இன்னும் ஒரு படி ஏறுங்கள். அன்னதானத்தில் பரிமாற ஆள் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பூத்தொடுக்கும் அக்காமாருடன் உட்காருங்கள். குடும்பமாகச் சேர்ந்து ஒரு நாள் உபயம் எடுங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய், தோப்புக்கரணம் எதற்கு, வலம் ஏன் இப்படி என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த குடமுழுக்கில் இந்தக் கட்டடத்துக்குப் புதுவண்ணம் பூச ஆள் கிடைத்துவிடுவார்கள். அதற்குள் கும்பிடும் முறையைச் சொல்லித் தரத்தான் வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்.